ஒரே திரையில் பல கிளைகள்: வலையமைப்புக் கேள்வி பதில்

கடை, மருத்துவ நிலையம், தனியார் வகுப்பு, சிறு ஹோட்டல் என்று பலருடைய ரவுட்டர், சுவிட்ச், வைஃபை கருவிகளைப் பராமரிப்பவர்களிடமிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றைத்தான்: ஒவ்வொரு இடத்துக்கும் ஓடாமல், இருந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் ஆளுவதற்கு எந்த மென்பொருள் நல்லது?

எனக்கு 18 வாடிக்கையாளர்கள். செட்டியார் தெருவில் நகைக்கடைகள், வெள்ளவத்தையில் டியூட்டரிகள், தெஹிவளையில் ஒரு பல் மருத்துவ நிலையம். சிலரிடம் யூனிஃபை, சிலரிடம் டிபி-லிங்க் ஒமாடா, பழைய இடங்களில் மைக்ரோடிக். எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கொண்டுவரலாமா? எதை வாங்குவது?
– வாசகர், வெள்ளவத்தை

ஆளுவதற்கு ஒரே மென்பொருள் கிடைக்காது. அதைத் தேடி ஒவ்வொன்றாகச் சோதனைப் பதிப்பு இறக்குவதை விட்டுவிட்டு, முதலில் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். கருவியின் அமைப்புகளை மாற்றுவது ஒரு வேலை. கருவி ஓடுகிறதா, எவ்வளவு சுமையில் ஓடுகிறது என்று பார்ப்பது வேறு வேலை. மாற்றும் வழியை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் கைக்குள் வைத்திருக்கிறார். யூனிஃபை கருவியை ஒமாடாவின் கொன்ட்ரோலர், அதாவது கருவிகளை ஆளும் மென்பொருள், திரும்பியும் பார்க்காது. பார்ப்பதற்கு மட்டும் எல்லோருக்கும் பொதுவான வழி இருக்கிறது, அது எஸ்என்எம்பி. மூன்று வகைக் கருவிகளும் அதற்குப் பதில் சொல்லும்.

ஆகவே நீங்கள் அமைக்க வேண்டியது இப்படி: யூனிஃபைக்கு அதன் கொன்ட்ரோலர், ஒமாடாவுக்கு அதன் கொன்ட்ரோலர், இரண்டுக்கும் மேலே பொதுவான ஒரு கண்காணிப்பு மென்பொருள். கண்காணிப்புக்கு ஸாபிக்ஸ் அல்லது லிப்ரேஎன்எம்எஸ் போதும், இரண்டும் இலவசம். சுவிட்ச்களும் ரவுட்டர்களும் மட்டும் என்றால் லிப்ரேஎன்எம்எஸ் வேகமாக அமையும். கருவியின் முகவரியைக் கொடுத்தால் போர்ட்களை அதுவே கண்டுபிடித்து வரைபடம் போட்டுவிடும். செர்வர், யுபிஎஸ், கமரா ரெக்கோடர் எல்லாம் சேர வேண்டும் என்றால் ஸாபிக்ஸ். அதன் புரொக்சி என்ற சிறு பகுதியை வாடிக்கையாளரின் இடத்தில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓடவிட்டால், அந்த இடத்துத் தகவலைச் சேர்த்துத் தானே வெளியே அனுப்பும். இணைப்பு அறுந்தால் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும்.

மைக்ரோடிக்கின் கதை வேறு. அதன் கெப்ஸ்மேன் வைஃபை பகுதியை மட்டுமே ஆளும். பல வாடிக்கையாளர்களின் ரவுட்டர்களை முழுதாக ஆளும் கொன்ட்ரோலராக அதை எண்ணக்கூடாது. அங்கே கட்டாயம் வேண்டியது அமைப்புகளின் பிரதி. ஒக்ஸிடைஸ்ட் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு ரவுட்டரிலும் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) மூலம் நுழைந்து, அமைப்பை எழுத்து வடிவில் எடுத்து, முந்தைய பிரதியோடு ஒப்பிட்டு வைக்கும். எப்போது எந்த வரி மாறியது என்ற சண்டை வரும்போது இதன் பெறுமதி தெரியும். ஒரு எச்சரிக்கை: மைக்ரோடிக்கின் பைனரி பெக்கப் அதே கருவிக்குத் திரும்பப் போடத்தான். ரவுட்டர் கருகி வேறு மொடல் வாங்கினால் எழுத்து வடிவ எக்ஸ்போர்ட்தான் கைகொடுக்கும். அதில் பயனர் கணக்குகளும் சான்றிதழ்களும் வராது. மைக்ரோடிக்கின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7இல் தனியாகக் கேட்டால் ஒழிய இரகசியச் சொற்களும் வராது. இவற்றை வேறாக எழுதி வைக்க வேண்டும்.

மென்பொருளைத் தொடும் முன் ஒரு அட்டவணை தயாரியுங்கள். வாடிக்கையாளர், இடம், மொடல், சீரியல் இலக்கம், மெக் முகவரி, ஃபேம்வெயார் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) பதிப்பு, இணைய வழங்குநர், இணைப்பின் கணக்கு இலக்கம், வெளி முகவரி நிலையானதா மாறுவதா, உத்தரவாதம் முடியும் திகதி. கடைசியாக ஒரு நிரல்: கருவி யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? இந்த நிரலை நிரப்பும்போதுதான் பாதித் தலையிடி வெளிவரும். வேலையை விட்டுப்போன தொழில்நுட்பவியலாளரின் சொந்த ஜீமெயிலில் பதிவான கருவிகள் எத்தனை என்று அப்போது தெரியும்.

அட்டவணை முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். எந்த வகை அதிகமோ அதையே இனிமேல் வாங்கும் வகையாக வைத்துக்கொண்டு, மற்றவை பழுதாகும்போது மட்டும் மாற்றுங்கள். ஓடுகிற கருவியைத் திரை ஒற்றுமைக்காகக் கழற்ற வேண்டாம். வாங்கும்போது மொடலைக் கவனியுங்கள். யூனிஃபையில் ட்ரீம் மெஷின் வகைக் கருவிக்குள்ளேயே கொன்ட்ரோலர் இருக்கிறது. அதை வெளியிலுள்ள உங்கள் கொன்ட்ரோலரில் சேர்க்க முடியாது. வெளிக் கொன்ட்ரோலரில் சேர வேண்டும் என்றால் யுஎக்ஸ்ஜி வகை கேட்வே (இணையத்தோடு இணைக்கும் ரவுட்டர்) வேண்டும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும். பற்றுச்சீட்டு எழுதும் முன் மொடல் இலக்கத்தை வாசித்துப் பாருங்கள்.

கொன்ட்ரோலரை எங்கே நிறுவுவது? எங்கள் கந்தோரில் பழைய டெஸ்க்டொப் ஒன்று சும்மா கிடக்கிறது. அது போதாதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

மூன்று காரணங்களால் வேண்டாம் என்கிறோம். முதலாவது, யூனிஃபை, ஒமாடா இரண்டும் தரவை மொங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் வைக்கின்றன. மொங்கோடிபி 5.0 முதல் ஏவிஎக்ஸ் வசதியுள்ள புரொசசர் தேவை. பழைய பென்டியம், செலரோன் பலவற்றில் அது இல்லை. நிறுவல் முடிந்தது போலத் தெரியும், தரவுத்தளம் மட்டும் எழும்பாது. புதிய இயந்திரத்திலும் விர்ச்சுவல் மெஷினுக்குள் நிறுவினால், புரொசசர் வகையை ஹோஸ்ட் என்று தெரிவு செய்யாவிட்டால் இதே கோளாறு வரும். இரண்டாவது, மின்வெட்டில் திடீரென்று அணையும் கணினியில் அந்தத் தரவுத்தளம் சிதைய இடமுண்டு. 2022 மார்ச் 31 அன்று 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்ட ஊர் இது. 20 நிமிடம் தாங்கும் யுபிஎஸ்ஸை நம்பி எல்லா வாடிக்கையாளர்களின் கொன்ட்ரோலரை வைக்கக்கூடாது. மூன்றாவது, உங்கள் அலுவலக இணைப்பின் வெளி முகவரி மாறினால், எல்லா இடத்துக் கருவிகளும் உங்களைத் தொலைத்துவிடும்.

சிங்கப்பூரிலோ மும்பையிலோ ஒரு விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் செர்வர்) எடுங்கள். 2 கோர், 4 ஜிபி நினைவகம், 50 ஜிபி வட்டு இருந்தால் இந்த அளவு வேலைக்குத் தாராளம். தூரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வாடிக்கையாளரின் இணையப் போக்குவரத்து கொன்ட்ரோலர் வழியாகப் போவதில்லை. அமைப்புகளும் புள்ளிவிபரமும் மட்டுமே போகும். கொன்ட்ரோலர் ஒரு நாள் முழுக்க நின்றாலும் கடையில் வைஃபை ஓடும். நிற்பது விருந்தினர் நுழைவுப் பக்கமும் வவுச்சரும்தான். ஆகவே ஹோட்டல் வாடிக்கையாளர் இருந்தால் பராமரிப்பு நேரத்தை அவரைக் கேட்டு வையுங்கள்.

யூனிஃபை நெட்வேர்க் மென்பொருளுக்கு வெளியே திறக்க வேண்டிய போர்ட்கள் டிசிபி 8080, யுடிபி 3478. விருந்தினர் பக்கம் இருந்தால் 8880, 8843. நிர்வாகத் திரையான 8443ஐ உலகத்துக்குத் திறக்காமல் உங்கள் விபிஎன் என்ற பாதுகாப்பான தனிவழிக்குள் மட்டும் வையுங்கள். 2025இல் வந்த யூனிஃபை ஓஎஸ் செர்வரில் நிர்வாகத் திரை 11443இல் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் அதிலேயே தொடங்கலாம். ஒமாடாவுக்கு யுடிபி 29810, டிசிபி 29811 முதல் 29816 வரை, திரை 8043.

எல்லாவற்றையும் விட முக்கியம்: கருவிகளுக்கு ஐபி முகவரியைக் கொடுக்காதீர்கள், உங்கள் சொந்த டொமைனில் ஒரு பெயரைக் கொடுங்கள். அதன் டிடிஎல் (பெயரின் முகவரியை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடியாக இருக்கட்டும். நாளைக்கு விபிஎஸ் கொம்பனியை மாற்றினால், பெக்கப்பைப் புதிய இடத்தில் ஏற்றி, அந்தப் பெயரை அங்கே திருப்பினால் போதும். கருவிகள் தானாக வந்து சேரும். ஐபி கொடுத்திருந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் மடிக்கணினியோடு போக வேண்டும். பெக்கப்பை தினமும் எடுத்து வேறொரு சேமிப்பிடத்துக்கு அனுப்புங்கள். அதே விபிஎஸ்ஸில் கிடக்கும் பெக்கப் அந்த விபிஎஸ் போனால் கூடவே போகும்.

நுகேகொடையில் புதிய கிளை திறந்தோம். அக்சஸ் பொயின்ட் இணையத்தில் இருக்கிறது, ஆனால் வெளியிலுள்ள கொன்ட்ரோலரில் தெரியவே இல்லை. ஏன்?
– வாசகி, நுகேகொட

புதிய கருவி தன் கொன்ட்ரோலரை அதே உள்வலையில்தான் தேடும். அந்தத் தேடல் ரவுட்டரைத் தாண்டி வெளியே போகாது. எங்கே போக வேண்டும் என்று நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதற்கு வழிகள் உண்டு.

ஒரு கருவி மட்டும் என்றால் எஸ்எஸ்எச்சில் நுழையுங்கள். யூனிஃபை அக்சஸ் பொயின்டில் ஆரம்பப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே யுபிஎன்டி (ubnt). செட்-இன்ஃபோர்ம் கட்டளையோடு கொன்ட்ரோலரின் பெயர், போர்ட் 8080, கடைசியில் இன்ஃபோர்ம் என்ற பாதை. உடனே கொன்ட்ரோலரில் கருவி தெரியும். கருவியைச் சேர்க்கும் அடொப்ட் பொத்தானை அழுத்திய பின் மீண்டும் நழுவினால் அதே கட்டளையை இன்னொரு முறை கொடுங்கள். ஒமாடாவுக்கு டிஸ்கவரி யுட்டிலிட்டி என்ற சிறு மென்பொருளை அங்குள்ள கணினியில் ஓடவிட்டு, கொன்ட்ரோலர் பெயரை எழுதலாம்.

பத்துக் கருவி என்றால் ரவுட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் பகுதி) மூலம் சொல்வது சுலபம். யூனிஃபைக்கு ஒப்ஷன் 43. பெறுமதியில் முதலில் 01, அடுத்து 04, பிறகு ஐபி முகவரியின் நான்கு எண்களும் பதினாறின் அடிப்படையில். 100 என்றால் 64, 20 என்றால் 14. பலர் முகவரியை அப்படியே எழுதிவிட்டு வேலை செய்யவில்லை என்று எழுதுகிறார்கள். முன்னால் வரும் அந்த 01, 04 இரண்டும் இல்லாவிட்டால் கருவி அதைப் பொருட்படுத்தாது. ஒமாடாவுக்கு ஒப்ஷன் 138, அதற்கு அந்த முன்னொட்டு வேண்டாம். சேர்ந்த பிறகு, கொன்ட்ரோலர் அமைப்பில் இன்ஃபோர்ம் முகவரியாக டொமைன் பெயரைப் பூட்டிவிடுங்கள்.

அப்படியும் வராவிட்டால், பழைய கொன்ட்ரோலரின் பிடியில் இருக்கும் கருவியா என்று பாருங்கள். பாவித்த கருவிகளில் இது சாதாரணம். ரீசெட் பொத்தானைப் பத்து வினாடி அழுத்த வேண்டும்.

ஒமாடா கேட்வேயை மட்டும் தூரத்திலிருந்து சேர்க்க வேண்டாம். சேர்க்கும்போது கருவியில் முன்பு இருந்த அமைப்புகள் போய், கொன்ட்ரோலரில் உள்ளவை ஏறும். வெளி இணைப்பின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அங்கே முன்கூட்டியே பதிந்திருக்காவிட்டால், அடொப்ட் அழுத்திய அந்தக் கணமே கிளையின் இணையம் நின்றுவிடும், உங்களாலும் திரும்ப உள்ளே போக முடியாது. கேட்வேயை அலுவலக மேசையில் வைத்துச் சேர்த்து, அமைப்புகளை ஏற்றி, பிறகு கிளைக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு நிறுவனம் மெராக்கி நல்லது என்று விலைமனு தந்திருக்கிறது. இன்னொருவர் லைசென்ஸ் இல்லாத கருவி போதும் என்கிறார். எங்களுக்கு நான்கு காட்சியறைகள். யார் சொல்வது சரி?
– வாசகர், கொழும்பு 3

சிஸ்கோவின் கிளவுட் வழி ஆளும் வகையான மெராக்கி நல்ல கருவிதான். அமைப்பதும் சுலபம், பழுது தேடுவதும் சுலபம். ஆனால் விலைமனுவில் ஒரு வரியைத் தேடுங்கள்: லைசென்ஸ் எப்போது முடிகிறது, முடிந்தால் என்ன நடக்கும்? அவர்களின் கோ-டேர்ம் முறையில் எல்லாக் கருவிகளின் லைசென்ஸும் ஒரே திகதிக்குச் சராசரியாக்கப்படும். அந்தத் திகதி கடந்தால் 30 நாள் அவகாசம். அதன் பிறகும் புதுப்பிக்காவிட்டால் கருவிகள் போக்குவரத்தையே நிறுத்திவிடும். பணம் கொடுத்து வாங்கிய சுவிட்ச் சுவரில் இருக்கும், வேலை செய்யாது.

இது டொலர் விவகாரம் என்பதால் நம் ஊரில் இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 1,000 டொலர் லைசென்ஸ் 2 இலட்சத்திலிருந்து 3 இலட்சத்து 60 ஆயிரம் ஆனது. வாடிக்கையாளரோடு ரூபாயில் வருட ஒப்பந்தம் எழுதியவர் அந்த வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். மெராக்கி எடுப்பதானால் 3 அல்லது 5 வருட லைசென்ஸை முதலிலேயே வாங்குங்கள், அல்லது ஒப்பந்தத்தில் புதுப்பிப்புக் கட்டணம் அன்றைய டொலர் விலையில் என்று எழுதுங்கள்.

இலவச கிளவுட் என்பதிலும் கவனம் தேவை. நிறுவனம் நினைத்தால் அதன் நிபந்தனை மாறும், கை மாறும். 2025 ஜூனில் ஜூனிபர் என்ற வலையமைப்பு நிறுவனத்தை வாங்குவது தொடர்பான வழக்கைத் தீர்க்க, எச்பிஈ நிறுவனம் தன் இன்ஸ்டன்ட் ஒன் என்ற இலவச கிளவுட் கருவி வணிகத்தை விற்க ஒப்புக்கொண்டது. அந்தக் கருவிகள் அன்றே நின்றுவிடவில்லை. ஆனால் நாளைக்கு அந்த டாஷ்போட் யாருடையது என்ற கேள்வியை வாடிக்கையாளர் உங்களிடம்தான் கேட்பார். நான்கு காட்சியறைகளுக்கு எங்கள் தெரிவு, கொன்ட்ரோலரை நீங்களே வைத்திருக்கக்கூடிய யூனிஃபை அல்லது ஒமாடா. ஒமாடாவிலும் டிபி-லிங்க் நடத்தும் கிளவுட் கொன்ட்ரோலரின் முழு வசதிப் பதிப்புக்குக் கருவி ஒன்றுக்கு லைசென்ஸ் வேண்டும். நீங்கள் நிறுவும் மென்பொருளுக்கும் ஓசி200 என்ற கொன்ட்ரோலர் பெட்டிக்கும் வேண்டாம். விலைமனுவில் இந்த மூன்றில் எது என்று கட்டாயம் எழுதிக் கேளுங்கள்.

இரத்மலானையிலுள்ள களஞ்சியத்தில் 4ஜி இணைப்பு மட்டும்தான். அங்குள்ள மைக்ரோடிக்கில் வெளியிலிருந்து நுழைய முடியவில்லை. போர்ட் ஃபோர்வேர்ட் செய்தும் பயனில்லை.
– வாசகர், மொரட்டுவை

ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் வழங்குநரின் முகவரிப் பகிர்வுக்குள் (சிஜிநாட்) இருக்கிறீர்கள். அதே பொது முகவரியைப் பலர் பகிர்வதால் வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்களை அடையாது. எத்தனை போர்ட் ஃபோர்வேர்ட் போட்டாலும் அதுதான் நிலை. 4ஜி மோடெமுக்குப் பின்னால் மைக்ரோடிக் இருந்தால் 192.168 என்று தெரியலாம். அப்போது மோடெமின் முகவரியைப் பார்க்க வேண்டும்.

தீர்வு, களஞ்சியத்திலிருந்து உங்களை நோக்கி இணைப்பை எடுக்க வைப்பது. ரவுட்டர்ஓஎஸ் 7இல் வயர்கார்ட் என்ற விபிஎன் இருக்கிறது. விபிஎஸ்ஸில் யுடிபி 51820ஐத் திறந்து வயர்கார்ட் மையத்தை வையுங்கள். களஞ்சிய ரவுட்டரில் அந்த மையத்தை எதிர்முனையாக (பியர்) சேர்த்து, பெர்சிஸ்டன்ட் கீப்பலைவ் 25 வினாடி என்று கொடுங்கள். இந்த 25 வினாடியை மறந்தால் இணைப்பு முதலில் வேலை செய்யும், சற்று நேரம் சும்மா இருந்ததும் வழங்குநரின் பக்கம் வழி மூடிக்கொள்ளும், நீங்கள் உள்ளே போக முடியாது.

முகவரித் திட்டத்தை முதல் நாளே வகுத்துவிடுங்கள். பாதி வாடிக்கையாளர்களின் உள்வலை 192.168.1 என்றுதான் இருக்கும். இரண்டு இடத்து உள்வலைகளை ஒரே மையத்துக்குக் கொண்டுவந்தால் எது எங்கே என்று மையத்துக்குத் தெரியாது. உள்வலையைக் கொண்டுவரவே வேண்டாம். ஒவ்வொரு ரவுட்டருக்கும் 10.99 என்று தொடங்கும் தனி நிர்வாக முகவரி ஒன்றைக் கொடுத்து, அதை மட்டும் அனுமதியுங்கள். மையத்தில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் போக்குவரத்தைத் தடுக்கும் விதியும் வேண்டும். ஒரு நகைக்கடையின் கணினியில் புகுந்த வைரஸ் உங்கள் விபிஎன் வழியாகப் பல் மருத்துவரிடம் போகக்கூடாது.

மின்வெட்டுக்குப் பிறகு வயர்கார்ட் எழும்பவில்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். பல ரவுட்டர்களில் நேரத்தைத் தாங்கும் பற்றரி இல்லை. கரண்ட் வந்ததும் பழைய நேரத்தில் எழும்பும். வயர்கார்ட் கடைசியாகப் பார்த்த நேரத்துக்கு முந்திய கைகுலுக்கலை ஏற்காது. இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி போட்டிருந்தால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். ஆனால் என்டிபி செர்வரை வயர்கார்டுக்கு உள்ளே வைத்தால் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து இரண்டுமே வராது. பொது இணையத்திலுள்ள நேர செர்வரையே கொடுங்கள்.

இது சரியானதும் மைக்ரோடிக்கை ஆளும் வின்பொக்ஸ் மென்பொருளின் 8291 போர்ட்டை வயர்கார்ட் வழியாக மட்டும் அனுமதித்து, வெளியில் மூடிவிடுங்கள். 2018இல் வின்பொக்ஸில் ஒரு ஓட்டை வெளிவந்தது. கடவுச்சொல் தெரியாமலே பயனர் கோப்பை எடுத்துவிடலாம். இலட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் அகப்பட்டன. 2021இல் மேரிஸ் என்ற பெரும் தாக்குதல் வலையில் சிக்கியவை அன்றே அகப்பட்ட அதே ரவுட்டர்கள்தான் என்று மைக்ரோடிக் சொன்னது. ஓட்டையை அடைத்தவர்கள் கடவுச்சொல்லை மாற்றவில்லை. உங்களிடம் அந்தக் காலத்து ரவுட்டர் இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

கரண்ட் போனால் தொலைபேசிக்கு நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை வருகிறது. எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.
– வாசகர், மஹரகம

2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் போன ஞாயிறு, பலருக்கு இந்தப் பாடம் கிடைத்திருக்கும். சார்பை அமையுங்கள்: அக்சஸ் பொயின்ட் சுவிட்சைச் சார்ந்தது, சுவிட்ச் ரவுட்டரைச் சார்ந்தது. ரவுட்டர் பதில் சொல்லாவிட்டால் அந்த இடத்துக்கு ஒரே ஒரு செய்தி. ஸாபிக்ஸிலும் லிப்ரேஎன்எம்எஸ்ஸிலும் இதற்கு வசதி உண்டு. ஒரு பிங் (கருவி இருக்கிறதா என்ற சோதனை) தவறியதும் கத்தாமல், 5 நிமிடம் தொடர்ந்து இல்லாவிட்டால் மட்டும் அனுப்பட்டும். யுபிஎஸ்ஸில் நெட்வேர்க் காட் இருந்தால், கரண்ட் போனது, பற்றரியில் இத்தனை நிமிடம் மீதி என்பதே முதல் செய்தியாக வரும். ரவுட்டர், ஓஎன்டி (ஃபைபர் இணைப்புப் பெட்டி), சுவிட்ச் மூன்றும் அதே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஓஎன்டியைச் சுவர் பிளக்கில் விட்டால் அந்தச் செய்தி வெளியே வர வழியில்லை.

கண்காணிப்பு செர்வரே நின்றால் யார் சொல்வது என்பதையும் யோசியுங்கள். வேறு இடத்தில் ஓடும் அப்டைம் கூமா என்ற சிறிய கண்காணிப்பு மென்பொருள் அதை மட்டும் பார்த்தால் போதும்.

ஃபேம்வெயார் தானாக அப்டேட் ஆகும்படி வைக்கலாமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

வேண்டாம். முதலில் பெக்கப், பிறகு கொன்ட்ரோலர், பிறகு உங்கள் அலுவலகத்திலுள்ள அதே மொடல் கருவி. ஒரு வாரம் பார்த்த பின் ஒரு வாடிக்கையாளர், அதன் பிறகு மற்றவர்கள். பிஓஈ சுவிட்சையும் அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் அக்சஸ் பொயின்ட்களையும் ஒரே நேரத்தில் அப்டேட் செய்யாதீர்கள். சுவிட்ச் மறுபடி எழும்பும்போது மின்சாரம் அறுந்தால், பாதி எழுதிய ஃபேம்வெயாரோடு அக்சஸ் பொயின்ட் செத்துப்போகும். வயரில்லாமல் சங்கிலியாக இணைந்தவற்றில் கடைசியிலுள்ளதை முதலில் செய்து, வேரிலுள்ளதைக் கடைசியாகச் செய்யுங்கள். நகைக்கடை, புடவைக்கடை என்றால் தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் முந்திய இரண்டு வாரம் எதையும் தொட வேண்டாம்.

எங்கள் ஹோட்டலின் வலையமைப்பைப் பார்த்த நிறுவனத்தை மாற்றுகிறோம். எல்லாக் கருவிகளும் அவர்களுடைய யூனிஃபை கொன்ட்ரோலரில் இருக்கின்றன. கருவிகள் எங்களுடையவை. எப்படிப் பெறுவது?
– வாசகர், கல்கிசை

சண்டை வருமுன் எழுத்தில் கேளுங்கள். கேட்க வேண்டியது சைட் எக்ஸ்போர்ட். உங்கள் இடத்தின் அமைப்பு மட்டும் ஒரு கோப்பாக வரும்; மற்ற வாடிக்கையாளர்களின் தகவல் அதில் இல்லை, ஆகவே தர மறுக்க அவர்களுக்கு நியாயமான காரணம் கிடையாது. அந்தக் கோப்பைப் புதிய கொன்ட்ரோலரில் ஏற்றிய பின், பழைய கொன்ட்ரோலரிலிருந்தே கருவிகளைப் புதிய முகவரிக்கு அனுப்பலாம். இரண்டு கொன்ட்ரோலரின் பதிப்பும் ஒன்றாக இருப்பது நல்லது; பழையதை விடப் புதியது கீழான பதிப்பாக இருந்தால் கோப்பு ஏறாது.

கோப்பு கிடைக்காவிட்டால் ஒவ்வொரு கருவியையும் ரீசெட் செய்து புதிதாக அமைக்க வேண்டும். அறை அறையாக ஏணி வைத்து ஏறும் வேலை அது. வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பழையபடியே வைத்தால் விருந்தினரும் ஊழியரும் எதையும் மாற்ற வேண்டியிராது. வலையைப் பகுதிகளாகப் பிரிக்கும் விஎல்ஏஎன் இலக்கங்களையும் நிலையான முகவரிகளையும் கருவிகள் ஓடும்போதே குறித்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்த பின் அவற்றைக் கேட்க ஆளில்லை.

விருந்தினர் நுழைவுப் பக்கத்தில் பெயரும் தொலைபேசி இலக்கமும் வாங்கியிருந்தால் அந்தப் பட்டியலைப் பற்றியும் கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தகவலையும் தழுவுகிறது. பிரதியை உங்களிடம் தந்து தங்களிடம் உள்ளதை அழித்ததாக எழுத்தில் பெறுங்கள்.

புதிய நிறுவனத்தோடு எழுதும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள். கொன்ட்ரோலரில் ஹோட்டலின் பெயரிலான மின்னஞ்சலுக்கு, பார்க்க மட்டும் உரிமையுள்ள கணக்கு ஒன்று இருக்க வேண்டும். விலகும்போது 14 நாளுக்குள் சைட் எக்ஸ்போர்ட் தர வேண்டும்.

மாற்றும் நாளில் வரிசை முக்கியம். பழைய கொன்ட்ரோலரில் ஃபொர்கெட் என்ற பொத்தானை முதலில் அழுத்த விடாதீர்கள். கருவி இன்னும் அங்கே இணைந்திருக்கும்போது அதை அழுத்தினால் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும், ஹோட்டல் முழுக்க வைஃபை நின்றுவிடும். புதிய திரையில் எல்லாக் கருவியும் இணைந்ததாகத் தெரிய வேண்டும், பழைய திரையில் எல்லாம் இணைப்பற்றதாகத் தெரிய வேண்டும். இரண்டையும் பார்த்து, ஓர் இரவு கழிந்த பிறகு, பழையதில் நீக்கச் சொல்லுங்கள்.